மட்டை பெருத்தாலும் குழி பெருக்கவில்லை
டென்னிஸைப் போலவே கோல்ஃபையும் புதுமட்டைகளின் பலம் கெடுத்துவிட்டது என்கிறார் கட்டுரையாளர். பாதிதான் சரி. டென்னிஸில் 200 கிலோமீட்டர் வேகத்தில் சேர்வ் வந்தால் எதிரில் நிற்பவர் பாடு திண்டாட்டம். கோல்ஃபில் அடிபடுவது மைதானம்தான், பந்து தூரமாகப் பறக்கப் பறக்க அதை நீட்டிக்கொண்டே போகிறார்கள். டிரைவர் எனும் நீள மட்டையின் தலைக்கு 460 கன சென்டிமீட்டர் என்று எல்லை போட்டும் அடங்கவில்லை. ஆனால் பந்து விழ வேண்டிய 108 மில்லிமீட்டர் அகலக் குழி 1891 முதல் அப்படியேதான்.

போன வருடம் கண்டிப் பக்கம் திகனை கோல்ஃப் மைதானத்தில் மச்சான் தந்த டிரைவரை வீசினேன். இரண்டு தரமும் புல்தான் பறந்தது, பந்து அசையவே இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில் இருபது வருடம் டென்னிஸ் ஆடிய கை! மூன்றாவதில் பட்ட அந்த 'டிக்' சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. என்ன செய்ய, அதற்கு மட்டக்களப்பிலிருந்து மலையேற வேண்டும். டென்னிஸ் மட்டை என்றால் பின்னேரம் சைக்கிளில் கொண்டுபோகலாம்.