பெயரில் என்னய்யா குற்றம்?

தங்கைக்குப் பையன் பிறந்து பதினாறு நாள் ஆகிறது. இன்னும் பெயர் இல்லை. நோட்டில் பென்சிலால் எழுதிய பட்டியலில் பாதிக்கு மேல் அடித்தாகிவிட்டது. அடித்ததெல்லாம் எங்கள் பெரியப்பாவின் கைங்கரியம்.

"சங்கர்" என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆட்டோ சங்கரா?" என்றார். அந்த ஆளைச் சேலம் சிறையில் தூக்கில் போட்டது 1995-இல். இன்னுமா சிவபெருமான் பெயருக்கு முன்னால் ஆட்டோ நிற்கிறது?

சரி, கொள்ளுத்தாத்தா பெயரையே வைப்போம், வீரப்பன். வீடே சிரித்தது. சந்தனக் கட்டையாம், யானைத் தந்தமாம், மீசையாம். மூன்று கிலோ குழந்தை, கழுத்தே இன்னும் நிற்கவில்லை, இவன் சத்தியமங்கலம் காட்டுக்குள் போய் எதைக் கடத்தப் போகிறான்?

எட்டப்பன் பாடு இன்னும் மோசம். அது எட்டயபுரம் ஜமீன் பரம்பரைக்கே உரிய பட்டம். 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கதையில் ஒருவர் மாட்டினார், அவ்வளவுதான். இன்று ஆபீஸில் மேனேஜரிடம் போட்டுக்கொடுக்கிறவனெல்லாம் எட்டப்பன்! விபீஷணன் நியாயத்தின் பக்கம்தானே போனார்? அவருக்கும் அதே கதி. கெட்டவன் பெயரும் கூடாது, நல்லவன் பெயரும் கூடாது என்றால் பிள்ளைக்கு நம்பர் போட்டா கூப்பிடுவது?

கடைசியில் யாருக்குமே அர்த்தம் தெரியாத, 'ஷ்' என்று முடியும் ஒரு பெயரைக் கண்டுபிடித்தோம். பெரியப்பாவும் வாயைத் திறக்கவில்லை. அப்பாடா என்று பேனாவை எடுத்தேன்.

"ஏன்டா, அது ராத்திரி சீரியல்ல மாமியாருக்கு விஷம் வைக்கிறவன் பேராச்சே?" என்றாள் அத்தை.