எலிப்பொறியைக் காட்டி என் விசுவாசத்தை அளக்காதீர்கள்

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த வாலிபர் கூட்டத்தின் வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். சிலர் அக்கறையில் அனுப்பினார்கள், சிலர் "உங்களைத்தானே சொல்கிறார்?" என்று கேட்டு அனுப்பினார்கள். ஆமாம், என்னைத்தான். பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கூட்டத்தில் பேசியவர் ஒரு எலிப்பொறியைத் தூக்கிக் காட்டினார். இதில் ஒரு கம்பியை எடுத்தாலும் எலி மாட்டாது, அதனால் பரிணாமம் பொய் என்றார். பூமிக்கு ஆறாயிரம் வயது என்றார். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "பள்ளிக்கூடத்தில் பரிணாமம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து எடுக்கிறவர்கள் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்கிறவர்கள்" என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அரங்கம் முழுக்க ஆமென் சொன்னது.

நான் இருபத்திரண்டு வருடமாக உயிரியல் ஆசிரியை. ஞானஸ்நானம் எடுத்து அதைவிட அதிக வருடம் ஆகிறது. இரண்டையும் நான் ஒளித்துச் செய்யவில்லை. எனக்கு எஜமான் ஒருவர்தான். தயவுசெய்து என்னை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள்.

முதலில் அந்த எலிப்பொறி. அந்த உதாரணத்தைப் பிரபலமாக்கியவர் மைக்கேல் பீஹி என்ற அமெரிக்க உயிர்வேதியியல் பேராசிரியர், 1996இல் வந்த தன் புத்தகத்தில். ஐந்து பாகங்களில் ஒன்று இல்லாவிட்டாலும் பொறி வேலை செய்யாது. பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற கசையிழையும் அப்படித்தான். ஆகவே அதைப் படிப்படியாக உருவானது என்று சொல்ல முடியாது, யாரோ வடிவமைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் அதே பீஹி பூமி மிகப் பழமையானது என்று ஒப்புக்கொள்கிறவர். மனிதனுக்கும் குரங்கினங்களுக்கும் பொது மூதாதை உண்டு என்பதையும் ஏற்றுக்கொள்கிறவர். அவருடைய எலிப்பொறியை எடுத்துக்கொண்டு அவர் சொல்லாததை நிரூபிக்கப் பார்ப்பது என்ன நியாயம்? மேடையில் நின்றவர் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

அந்த வாதத்துக்குப் பதிலும் எப்போதோ வந்துவிட்டது. கசையிழையின் அடிப்பகுதியில் இருக்கும் புரதங்களில் பலவற்றை ஒத்தவை வேறு பாக்டீரியாக்களில் தனியாக ஒரு ஊசி மாதிரி வேலை செய்கின்றன. நச்சுப் புரதத்தை இன்னொரு செல்லுக்குள் செலுத்துவது அந்த ஊசியின் வேலை. அதாவது முழு இயந்திரம் இல்லாமலே ஒரு பகுதிக்கு உருப்படியான வேறு வேலை இருக்க முடியும்.

இதெல்லாம் 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நீதிமன்றம் வரைக்கும் போனது. டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம், உயிர்களை யாரோ வடிவமைத்திருக்க வேண்டும் என்னும் இதே வாதத்தை, அதாவது அறிவார்ந்த வடிவமைப்பு என்ற கருத்தை அறிமுகப்படுத்தும் அறிக்கையை உயிரியல் வகுப்பில் வாசிக்கச் சொன்னது. ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். பரிணாமத்தின் பக்கம் நின்று சாட்சி சொன்ன முக்கியமான விஞ்ஞானி கென்னத் மில்லர், ஒரு கத்தோலிக்கர். தேவாலயத்துக்குப் போகிறவர், அதை மறைக்காதவர். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, படைப்புவாதத்தின் இன்னொரு வடிவம் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் என்னை இன்றைக்கும் வெட்கப்பட வைக்கும் ஒரு பகுதி உண்டு. தங்கள் பக்தியை ஊரறியப் பேசிய வாரிய உறுப்பினர்கள் சிலர், தங்கள் நோக்கத்தை மறைக்கத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார்கள் என்று நீதிபதி எழுதினார். தேவனைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது? அவருக்கு நம் பாதுகாப்பு தேவையா?

மில்லர் சாட்சி சொன்ன ஒரு விஷயத்தை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் செய்து காட்டுகிறேன். பிள்ளைகளிடம் குரோமோசோம் படத்தாளைக் கொடுத்து, கத்தரித்து ஜோடி சேர்க்கச் சொல்வேன். மேசை முழுக்கத் துண்டுத் தாள்கள், விரலெல்லாம் பசை. மனிதனுக்கு 23 ஜோடி. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24. அந்த ஒரு ஜோடி எங்கே போனது? குரோமோசோமின் இரண்டு முனைகளிலும் மட்டும் இருக்க வேண்டிய முனைத் தொடர், மனிதனின் இரண்டாவது குரோமோசோமுக்கு நடுவில் இருக்கிறது, முனையோடு முனை ஒட்டிய மாதிரி. 1991இலேயே அந்த ஒட்டிய இடத்தை அடையாளம் கண்டுவிட்டார்கள். சிம்பன்சியின் இரண்டு சிறிய குரோமோசோம்களை முனையோடு முனையாக அடுக்கி, பக்கத்தில் நம்முடையதை வைத்தால் பட்டைகள் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். அது பொருந்தும் நொடியில் வகுப்பில் ஒரு அமைதி வரும். எனக்கு அந்த அமைதி ஜெபத்தில் வரும் அமைதி மாதிரியேதான் இருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் அதுதான் உண்மை.

"அப்போ வேதம் பொய்யா?" என்று கேட்பீர்கள். வேதத்தைத் திறங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரம், 24ஆம் வசனம். தேவன் மிருகங்களைப் பற்றி என்ன சொல்கிறார்? "பூமியானது" என்று தொடங்கி "பிறப்பிக்கக்கடவது" என்கிறார். பிறப்பிக்கும் வேலையைப் பூமியிடம் கொடுக்கிறார். அதே அதிகாரத்தில் வெளிச்சம் முதல் நாள், சூரியன் நாலாம் நாள். சூரியன் இல்லாமல் அது என்ன மாதிரி நாள் என்ற கேள்வி டார்வின் பிறப்பதற்கு ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே, ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டினுக்கு வந்துவிட்டது. இயற்கையைப் பற்றித் தெரியாமல், வேதத்தைத் துணைக்கு இழுத்து உளறும் கிறிஸ்தவனை அவர் எச்சரிக்கிறார்: நன்றாகத் தெரிந்த விஷயத்திலேயே நீங்கள் தவறாகப் பேசுவதைக் கேட்கிறவன், உயிர்த்தெழுதலைப் பற்றி நீங்கள் சொல்வதை எப்படி நம்புவான் என்று கேட்கிறார். நான் கேட்பதும் இதைத்தான்.

என் மகள் வயிற்றில் இருந்தபோது சபையில் எனக்காக ஜெபித்தார்கள். சங்கீதம் 139 வாசித்தார்கள். "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்." என் வேதப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில்தான் ஸ்கேன் படத்தை வைத்திருந்தேன். கரு எப்படி ஒரு செல்லிலிருந்து படிப்படியாக வளர்கிறது என்று மருத்துவர் விளக்கியிருந்தார். தேவன் உருவாக்குகிறார் என்று போதகர் ஜெபித்தார். இரண்டுக்கும் நான் ஆமென் சொன்னேன். கருவியலை நம்பினால் திருவிருந்து எடுக்காதே என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லையே! ஒன்பது மாதத்தில் படிப்படியாக வேலை செய்யத் தெரிந்த தேவன் கோடிக்கணக்கான வருடங்களில் செய்தால் மட்டும் சிறியவராகிவிடுவாரா?

"ஆதாம் என்ன ஆனார்? பாவத்துக்கு முன்னால் மரணம் எப்படி வந்தது?" இது நியாயமான கேள்வி. எலிப்பொறியைவிடப் பல மடங்கு கனமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை, இருப்பதாக நடிக்கவும் மாட்டேன். முழங்காலில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் பதில் தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது என்பதற்காகக் கண்ணால் பார்ப்பதை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

பின்னூட்டத்தில் வந்து "கடவுளே தேவையில்லை, அதையும் சேர்த்து விட்டுவிடுங்கள்" என்று எழுதப்போகும் நாத்திக நண்பர்களே, நீங்களும் அந்த மேடையில் நின்றவரைப் போலத்தான் என்னை இரண்டில் ஒன்று கேட்கிறீர்கள். உங்களுக்கும் அதே பதில். நவீன பரிணாம உயிரியலைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான டாப்ஷான்ஸ்கி 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தான் படைப்பையும் பரிணாமத்தையும் ஒருசேர நம்புகிறவன் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

சரி, இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு பையனுக்காக. பல வருடத்துக்கு முன்னால் என் வகுப்பில் படித்தான். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவன். பரிணாமப் பாடம் முடிந்த அன்று எல்லோரும் போகும்வரை காத்திருந்து, "டீச்சர், ரெண்டுல எது உண்மை?" என்று கேட்டான். நிர்வாகத்துக்குப் பயந்து நான் பாதிப் பதில்தான் சொன்னேன். "பரீட்சைக்கு இதை எழுது, மற்றதைப் பிறகு பேசலாம்" என்றேன். அந்தப் பிறகு வரவே இல்லை. அவன் சபையில் கேட்டபோது, பரிணாமம் உண்மையென்றால் இயேசுவும் பொய் என்று சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு அவன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். அப்புறம் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது கோபமே இல்லாமல் சொன்னான்: "ரெண்டுல ஒண்ணுன்னு அவங்கதானே டீச்சர் சொன்னாங்க. எது கண்ணுக்குத் தெரிஞ்சதோ அதை எடுத்துக்கிட்டேன்."

அவனை வெளியே அனுப்பியது டார்வின் இல்லை. அதில் என் பங்கும் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். அதனால்தான் இனிமேல் பாதிப் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வாலிபர் கூட்டத்தில் என் மகளும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றியிருந்தவர்கள் ஆமென் சொன்னபோது அவளும் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அம்மா, நீங்க விசுவாசிதானே?" என்று கேட்டாள்.

ஐயா, இந்தப் பதிவு உங்களுக்கு வந்து சேரும், யாராவது அனுப்புவார்கள். நான் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வியை அவள் மனதில் போட்டது நீங்கள். ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். எலிப்பொறியையும் கொண்டுவாருங்கள். ஸ்கேன் படம் இன்னும் அந்த சங்கீதத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு, அவளுடைய அம்மா யாருக்கு ஊழியம் செய்கிறாள் என்று அவளிடமே சொல்லுங்கள்.