கோரையும் சபையும்

எங்கள் கிறிஸ்தவ சபை வளாகத்துத் தோட்டத்தில் களையெடுப்பது என் வேலை. மற்ற களையெல்லாம் சரி, இந்தக் கோரைதான் உயிரை வாங்குகிறது. புல்லைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். அதிலிருந்து மண்ணுக்கடியில் ஓடி அடுத்த கிழங்கு, அப்புறம் இன்னொன்று. நாலு நாளில் மறுபடியும் பச்சை முளை. ரோஜா வேருக்குள் புகுந்துவிட்டால் கொத்தவும் பயம்.

சபைக்குள்ளும் இதே கதைதான். ஆராதனை முடிந்ததும் வாசலில் எல்லோருக்கும் "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு, வேப்பமரத்தடியில் நின்று அடுத்த வீட்டுக் கதையை அலசுகிறார்கள். அசன விருந்துக்கு அரிசி கொடுத்தவர்களில் யார் பெயரைப் போதகர் ஐயர் முதலில் வாசித்தார் என்பதற்கு மாதக்கணக்கில் மனஸ்தாபம். எனக்குத் தாங்காதது ஒன்று உண்டு. ஞாயிறு பள்ளியில் ஆசையாகப் பாடம் எடுத்த கல்லூரிப் பெண்ணை, உடுப்பைக் குறை சொல்லிச் சொல்லியே வரவிடாமல் செய்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் இன்னமும் "அக்கா எங்கே?" என்று கேட்கிறார்கள்.

இதைப் பேசினால் உடனே பைபிளில் மத்தேயு 13-ம் அதிகாரத்தை எடுத்துவிடுகிறார்கள். அறுப்பு வரைக்கும் கோதுமையும் களையும் சேர்ந்து வளரட்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாராம். சொன்னார்தான். குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ என்று 18-ம் அதிகாரத்தில் அவர்தானே சொல்கிறார்? அதை ஏன் ஒருவரும் செய்வதில்லை? யாரையும் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள், அவ்வளவுதான்.