யூனிட்டி: ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் கிடையாது

யூனிட்டி என்பது கேம்களை உருவாக்க உதவும் மென்பொருள் (கேம் எஞ்சின்). புதிதாகக் கேம் செய்ய வருபவர்களுக்கு, "யூனிட்டி பக்கமே போகாதீர்கள், உங்கள் கேமை யாராவது இன்ஸ்டால் செய்யும் ஒவ்வொரு முறையும் உங்களிடம் பணம் கேட்பார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். இப்போது அப்படி ஒரு கட்டணம் இல்லை. 2023 செப்டம்பரில் 'ரன்டைம் ஃபீ' என்ற பெயரில் அதை அறிவித்தது உண்மைதான். டெவலப்பர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. முதலில் விதிகளைத் தளர்த்தினார்கள், அப்புறம் 2024 செப்டம்பரில் கேம்களுக்கு அதை முழுமையாகவே ரத்து செய்துவிட்டார்கள். முதலில் அறிவித்த வடிவத்தில்கூட, இலவச பர்சனல் திட்டத்தில் இருப்பவரின் கேம் 12 மாதத்தில் 2 லட்சம் டாலர் வருவாயையும் மொத்தம் 2 லட்சம் இன்ஸ்டால்களையும், இரண்டையுமே தாண்டினால்தான் கட்டணம். முதல் கேம் செய்பவர் அந்த எல்லையைத் தொடுவது மிக அரிது.

சரிபார்ப்பது எளிது. யூனிட்டியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ரன்டைம் ஃபீ ரத்து அறிவிப்பு இருக்கிறது, விலைப் பக்கத்தில் இன்றைய விதிகள் இருக்கின்றன. யாராவது பழைய கட்டுரையைக் காட்டினால் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் 2023 ஆகத்தான் இருக்கும். அந்த அறிவிப்பால் யூனிட்டி மீது நம்பிக்கை போய்விட்டது என்று சொல்பவர்களின் கோபம் நியாயமானது. அதைக் காரணமாகச் சொல்லி கோடாட் (Godot) என்ற இன்னொரு இலவசக் கேம் எஞ்சினைப் பரிந்துரையுங்கள், இல்லாத கட்டணத்தைச் சொல்லி வேண்டாம்.