மருந்தையும் சந்தேகப்பட வேண்டும்
கொரோனாவுக்கு ரெம்டெசிவிர் என்ற ஊசி மருந்து போட்ட நோயாளிகளுக்கு இதயத்துடிப்பு குறைந்ததற்குக் கொரோனாவே காரணம், மருந்துக்குச் சம்பந்தமில்லை என்று இங்கே வந்துள்ள கட்டுரை அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. 2021 இரண்டாம் அலையில் என் மாமனார் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். காய்ச்சல் அடித்தால் நாடி ஏறத்தான் வேண்டும். அவருக்கோ ஊசி ஆரம்பித்தபின், உடம்பு கொதிக்கும்போதே மானிட்டரில் நாடி நிமிடத்துக்கு 46, 48 என்று ஓடியது. ஈசிஜி எடுத்துப் பார்த்து மருந்தை நிறுத்தினார்கள், மெல்ல எழுபதுக்கு வந்தது. இந்த மருந்து உடலில், துடிப்பைக் குறைக்கக்கூடிய அடினோசின் என்ற வேதிப்பொருளை ஒத்த பொருளாக மாறுவதால், இதயத்துடிப்பைத் தூண்டும் கணுவை (துடிப்பு தொடங்கும் இடத்தை) மந்தமாக்கலாம் என்பதே மருத்துவர்கள் தரும் விளக்கம். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும், அதனால் பயந்து ஊசியே வேண்டாம் என்பதும் தப்பு. ஆனால் மாமனார் பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுபவர், அதுவும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. மருத்துவமனையில் சேர்க்கும்போது அதை யாருமே கேட்கவில்லை. எனக்கு முன் இதே கட்டுரைக்குக் கருத்தாக, ஏற்காட்டிலிருந்து தன் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கும் சகோதரி, அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோய் டியூட்டி டாக்டரிடம் காட்டுங்கள்.