எந்த ஊரு ரூம் டெம்பரேச்சர்ங்க அது?

டிசம்பர் பொறந்தாப் போதும், "குழந்தைகளோடு பத்தே நிமிஷத்தில் கிறிஸ்துமஸ் குக்கீஸ்"னு போன் முழுக்க வீடியோவா வந்து கொட்டுது. முதல் வரியிலேயே ஆரம்பிக்குது வயித்தெரிச்சல். "ரூம் டெம்பரேச்சர்ல இருக்கிற வெண்ணெய் 100 கிராம்." எந்த ஊரு ரூமு அது? மதுரையில மார்கழி மத்தியானமே 30 டிகிரியைத் தொடும். கேஸ் எரியுற அடுப்படின்னா அதுக்கும் மேல. வெண்ணெயை எடுத்து வெளிய வச்சுட்டு, வீடியோவுல சொன்ன மாதிரி ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா, கிண்ணத்துல பாதி எண்ணெயா நிக்குது.

அவங்க சொல்ற வெண்ணெய் 18லிருந்து 20 டிகிரியில இருக்கிற வெண்ணெய். விரலை வச்சு அமுக்கினா பள்ளம் விழணும், ஆனா விரல் பளபளன்னு ஆகக் கூடாது. நம்ம ஊருக்கு அதோட கணக்கு என்ன தெரியுமா? ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து, சின்னச் சின்னத் துண்டா வெட்டிப் பரப்பி, 10 நிமிஷம். அம்புட்டுதான். இந்த ஒரு வரியைச் சேர்த்து எழுத இவங்களுக்கு என்ன நோவுது?

எழுதாததால என்ன ஆகுது பாருங்க. உருகின வெண்ணெயில சர்க்கரையை என்னதான் அடிச்சாலும் காத்து நிக்காது. மாவு தளதளன்னு கையில ஒட்டும். உடனே இன்னும் ரெண்டு கை மைதாவை அள்ளிப் போடுவோம். பிள்ளை நாக்கைக் கடிச்சுக்கிட்டு வெட்டி வச்ச நட்சத்திரம், சூடு பட்டதும் இளகிப் பரந்து, பக்கத்துல இருக்கிறதோட ஒட்டி, தட்டு முழுக்க ஒரே அடையா வரும். ஆறினா ஓடு மாதிரி. அப்புறம் பழி யார் மேல? "நீதான் கையை வச்சு நசுக்கிட்ட"ன்னு அந்த ஏழு வயசுப் பிள்ளை மேல. குறிப்பு எழுதின புண்ணியவான் அங்கிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார்.

அடுத்து இந்த "கப்". ஒரு கப் மைதான்னா எந்தக் கப்பு? காபி டம்ளரா, டவராவா, புளிக்குழம்பு ஊத்துற கிண்ணமா? 240 மில்லி அளவுக் கப்பையே எடுத்துக்குங்க. மைதாவை ஸ்பூனால பைய அள்ளிப் போட்டு மேல வழிச்சு விட்டா 120, 125 கிராம் வரும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள்ள விட்டு அமுக்கி எடுத்தா 150 கிராம் வந்துரும். ரெண்டு கப்புக்கு 50, 60 கிராம் வித்தியாசம். பிள்ளைங்க கையில கப்பைக் கொடுத்தா எப்படி எடுக்கும்? அமுக்கித்தான் எடுக்கும், அதுதான் பிள்ளை. எடை போடுற சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. எட்டு வயசுப் பிள்ளைகிட்ட அதைக் கொடுத்து "150 வர்ற வரைக்கும் போடு"ன்னு சொல்லிப் பாருங்க, மூச்சைப் புடிச்சுக்கிட்டு அம்புட்டு கவனமா செய்யும். ஆனா குறிப்புல கிராம் இருந்தாத்தானே!

ஸ்பூன் கதை அதைவிட மோசம். டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. "பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன்"னு மொட்டையா எழுதிட்டுப் போயிட்டா, சாம்பார் ஸ்பூனை எடுக்கிறவங்க மூணு மடங்கு போடுவாங்க. இது போதாதுன்னு "பேக்கிங் பவுடர் இல்லைன்னா ஆப்ப சோடா போட்டுக்கலாம்"னு ஒரு இலவச ஆலோசனை. அதே அளவு போட்டுறாதீங்க, சாமி! சோடாவோட வேகம் பவுடரை விட மூணு நாலு மடங்கு. அது வேலை செய்யத் தயிரோ எலுமிச்சைச் சாறோ ஏதாவது புளிப்பும் வேணும். புளிப்பில்லாம சோடாவைக் கொட்டினா கேக் சோப்புக்கட்டி மாதிரி நாறும், நிறமும் செம்மண்ணாயிரும். மழைக்காலத்துல திறந்து வச்ச பேக்கிங் பவுடர் டப்பா நமத்துப் போய் வேகம் செத்திருக்கும், அதையும் யாரும் சொல்றதில்லை. அரை டீஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணியில போடுங்க. புஸ்ஸுன்னு நுரைச்சா உசுரு இருக்கு, இல்லைன்னா தூக்கிப் போடுங்க.

கடையில சுலபமாக் கிடைக்கிற மஞ்சள் வெண்ணெய்க் கட்டி பெரும்பாலும் உப்புப் போட்டது. அதுக்கு மேல "உப்பு அரை டீஸ்பூன்"னு வேற. கையோட அந்த வரியை அடிச்சுருங்க.

இப்ப அடுப்புக்கு வர்றேன், ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான். "ஓவன் இல்லையா? கவலை வேண்டாம், குக்கரிலேயே செய்யலாம்!" செய்யலாம்தான். கேக் செய்யலாம். குக்கீஸுக்கு அதே வார்த்தையைச் சொல்றீங்களே, என்னைக்காவது செஞ்சு பார்த்திருக்கீங்களா? குக்கர்ல சூடு அடியில இருந்துதான் ஏறும், மேல இருந்து வராது. அடி கருகுற நேரத்துல மேல வெள்ளையாத்தான் இருக்கும். நிறம் வரட்டும்னு காத்திருந்தா அடி கரியாப் போகும். மேல் நிறத்தைப் பார்க்கவே கூடாது. ஓரம் கெட்டிப்பட்டு, ஒண்ணைத் தூக்கிப் பார்த்தா அடி பொன்னிறமா இருந்தா வெந்தாச்சு. ஒரு ஈட்டுக்கு ஆறு வைக்கலாம். நாப்பது வேணும்னா ஏழு ஈடு, ஈட்டுக்கு 15லிருந்து 20 நிமிஷம். கூட்டிப் பாருங்க, ரெண்டு மணி நேரம் அடுப்பு எரியணும். "பத்தே நிமிஷம்"னு போட்டவரை முதல்ல கூட்டிட்டு வாங்க.

விசில் வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழட்டணும்ங்கிறதைச் சில பேர் சொல்றதே இல்லை, அதான் வயித்தைக் கலக்குது. மெல்லிய அலுமினியக் குக்கரை வெறுமன காய வச்சா அது கெட்டுப் போகும். அடி கனமான பழைய குக்கர், இல்லைன்னா மூடி போட்ட கனத்த இரும்புச் சட்டி எடுங்க. அடியில ரெண்டு சென்டிமீட்டர் தூள் உப்பு, அது மேல ஒரு இரும்பு வளையம், மூடி 10 நிமிஷம் மிதமான தீயில காய விட்டு, தட்டை உள்ள வச்ச பிறகு சிறு தீ. கல் உப்பு போட்டா சூட்டுல படபடன்னு வெடிக்கும், பக்கத்துல பிள்ளை நிக்கும்போது அது வேண்டாம்.

ஓடிஜிங்கிற சின்னக் கரண்ட் ஓவன் வாங்கினவங்களும் தப்பிக்கல. அதுக்குப் பெரும்பாலும் 15 ஆம்பியர் பிளக் வேணும். மிக்ஸி போடுற சின்னப் பிளக்குல எக்ஸ்டென்ஷன் மாட்டி இழுத்தா பிளக் சுடும், ஒயர் இளகும். குமிழ்ல 180ன்னு திருப்பினா உள்ள 180தான் இருக்குன்னு நம்பாதீங்க. 20 டிகிரி முன்னப் பின்ன இருக்கிறது சகஜம். முதல் ஈட்டுல ரெண்டே ரெண்டு பிஸ்கட் வச்சுப் பார்த்துட்டு அப்புறம் மிச்சத்தை வைங்க.

வெளிய எடுக்கும்போது பிஸ்கட் மெத்துன்னுதான் இருக்கும். இதை எங்கயாவது எழுதியிருக்காங்களா? "வேகல போல"ன்னு திரும்ப உள்ள தள்ளி, அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு வாட்டி, கடைசியில கல்லாக்கிடுறோம். ஆறும்போதுதான் அது இறுகும். தட்டோட 10 நிமிஷம் தொடாம விடணும். பிள்ளைகளைத் தொடாம வச்சிருக்கிறது எப்படின்னு கேட்டா அதுக்கு மட்டும் குறிப்பு கிடையாது. முழுசா ஆறாம டப்பாவுல போட்டு மூடினா உள்ளயே வேர்த்து, மறுநாள் நமத்துரும்.

அந்த வீடியோவுல வர்ற பிள்ளைங்க மேல கோபம் இல்லை, பாவம். சான்டா தொப்பியை மாட்டி நிக்க வச்சு, கடைசியில கலர் மிட்டாய் நாலு தூவ விடுறாங்க, அம்புட்டுதான் அதோட பங்கு. அதைப் பார்த்து நம்ம வீட்டுப் பிள்ளை "நான் பிசையிறேன்"னு வந்து, சப்பாத்தி மாவு மாதிரி அடிச்சுப் பிசையும். பிஸ்கட் மாவைப் பிசையவே கூடாது. பிசைஞ்சா மாவு சவ்வு மாதிரி இழுபட ஆரம்பிச்சு, சுட்டதும் சுருங்கி முறுக்கிக்கும், கடிச்சா பல்லு வலிக்கும். புட்டுக்குப் பிசறுற மாதிரி உதிரியாப் பிசறி, கடைசியில உருண்டையாச் சேர்த்துப் புடிச்சாப் போதும். வேலையைப் பிரிச்சுக் கொடுக்கத் தெரியணுமய்யா! மூணு, நாலு வயசுன்னா சலிக்கிறது. அஞ்சு, ஆறுன்னா உருட்டுறது, முள்கரண்டியால அமுக்குறது. எட்டுக்கு மேல எடை போடுறது. சூடான தட்டும் சர்க்கரை கருக்குற சட்டியும் எந்த வயசுப் பிள்ளைக்கும் கிடையாது. பிளம் கேக்குக்குச் சர்க்கரையைக் கருக்கித் தண்ணி ஊத்துறப்ப அது எண்ணெயை விட மோசமாத் தெறிக்கும்.

"நவம்பர்லயே பழத்தை ஊற வைங்க"னு ஒரு கோஷ்டி. இங்க அரையாண்டுப் பரீட்சை கிறிஸ்துமஸ் வாசல் வரைக்கும் வந்துதான் முடியும். 24ஆம் தேதி ராத்திரிப் பூசைக்குப் போறவங்களுக்கும் சரி, விடியக்காலம் ஆராதனைக்குப் போறவங்களுக்கும் சரி, பிள்ளைங்களோட அடுப்படியில நிக்கக் கிடைக்கிறது ஒரு பகல். திராட்சையையும் டூட்டி ஃப்ரூட்டியையும் ஆரஞ்சுச் சாறுல ஒரு ராத்திரி ஊற வச்சாலே பிள்ளைங்க கேக்குக்குத் தாராளம். அதையும் ஃபிரிட்ஜ்ல வைங்க, நம்ம ஊரு சூட்டுல வெளிய வச்சா நாலு நாள்ல பொங்கி நுரைச்சுப் புளிச்சுரும்.

ஒரு பகல்ல நடக்கிற காரியம் நெய் பிஸ்கட். முட்டை வேண்டாம், அதனால அக்கம்பக்கத்துல எந்த வீட்டுக்கும் யோசிக்காமத் தட்டுல வச்சுக் கொடுக்கலாம். மைதா 120 கிராம், கடலை மாவு 30, மிக்ஸியில பொடிச்சுச் சலிச்ச சர்க்கரை 75, நெய் 90, பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. நெய் மணல் மணலா உறைஞ்சு இருக்கணும். உருக்கி ஊத்தினா பரந்துரும். இளகியிருந்தா 10 நிமிஷம் ஃபிரிட்ஜ். நெய்யையும் சர்க்கரையையும் வெள்ளையா வர்ற வரைக்கும் குழைச்சு, மாவைச் சலிச்சுப் போட்டுப் பிசறுங்க. சேராம உதிர்ந்தா அரை டீஸ்பூன் நெய் விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க, தண்ணி பட்டா மொறுமொறுப்பு போச்சு. 15 கிராம் உருண்டையாப் புடிச்சா இருபது வரும். லேசா அமுக்கி, ரெண்டு விரக்கடை இடைவெளி விட்டு, 165 டிகிரியில 15லிருந்து 18 நிமிஷம். பிள்ளைங்க கைச்சூட்டுல உருண்டை இளகும், அதனால சுடுறதுக்கு முன்னாடி தட்டோட 10 நிமிஷம் ஃபிரிட்ஜ்ல வச்சு எடுங்க. தட்டுல விரிக்க நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். பட்டர் பேப்பர் இல்லைன்னா நெய் தடவினாலே போதும்.

இஞ்சி பிஸ்கட்டை ஒட்டி ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டச் சொல்றவங்களைப் பத்திப் பேசினா வாய்தான் கெட்டுப் போகும். வடகிழக்குப் பருவமழை முடியாத ஈரக் காத்துல அந்தச் சுவர் ராத்திரியோட நமத்து, காலையில கூரை உள்ள விழுந்து கிடக்கும். "மொலாசஸ் சேர்க்கவும்"னா எங்க போய்ச் சேர்க்க? கெட்டியாக் காய்ச்சின நாட்டுச்சர்க்கரைப் பாகு வேலை செய்யும். இஞ்சிப் பொடிக்கு வெறும் சுக்குத்தூள். அவசரத்துல சுக்குக் காபித்தூளைப் போட்டுறாதீங்க, அதுல மல்லி, மிளகு எல்லாம் கிடக்கும். ஒட்டுற ஐசிங்குக்குப் பச்சை முட்டை வெள்ளைக்கரு, அதுவும் பிள்ளைங்க நக்கித் திங்கிற சாமான்ல! 100 கிராம் ஐசிங் சுகருக்கு மூணு நாலு டீஸ்பூன் பால் விட்டுக் குழைச்சா பிஸ்கட் மேல கோலம் போடத் தாராளம். நிமிர்ந்து நிக்கிற வீடுதான் வேணும்னா மதுரைப் பக்கத்துல விளாச்சேரியில குடில் பொம்மை செய்றாங்க, போய் வாங்குங்க.

இவங்க வாயில நுழையாத ஒண்ணு இருக்கு. கல்கல், மாவைச் சுருட்டி எண்ணெயில பொரிக்கிற கிறிஸ்துமஸ் பலகாரம். ஓவன் வேண்டாம், அச்சு வேண்டாம், மூணு வயசுல இருந்து தாத்தா வரைக்கும் தரையில உக்காந்து செய்யலாம். ஆனா அது வீடியோவுல பனி பெஞ்ச மாதிரி தெரியாது, அதனால வராது. மைதா 250 கிராம், பொடிச்ச சர்க்கரை 60, சூடான நெய் ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பூரி மாவு பதத்துக்குப் பிசையணும், 100 மில்லிக்கு முன்னப் பின்ன ஆகும். இந்த மாவைத்தான் பிள்ளைங்க எம்புட்டு வேணாலும் அடிச்சுப் பிசையலாம்! ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வைங்க. சின்னக் கோலிக்குண்டு அளவு கிள்ளி, சீப்புப் பல்லு மேல கட்டை விரலால அமுக்கித் தேச்சு அப்படியே சுருட்டணும். ஓரத்தை அழுத்தி ஒட்டலைன்னா எண்ணெயில விரிஞ்சுரும். ஒட்டாததுக்குக் காரணம் தொட்டுக்கிற மைதாதான், அதைத் தொடவே வேண்டாம், விரல்ல துளி நெய் போதும். மாவுல நெய்யை அள்ளி விட்டா எண்ணெயில கரைஞ்சு உதிரும். பொரிக்கிறது பெரியவங்க சோலி. மிதமான தீ, கிள்ளிப் போட்ட துண்டு பைய மேல வரணும். சட்டுன்னு எழும்பிச் செவந்தா உள்ள வேகாது, மறுநாள் சவசவன்னு இருக்கும்.

சீப்புன்னா புதுச் சீப்பு. இதையெல்லாமா சொல்லணும்னு கேக்காதீங்க. ரூம் டெம்பரேச்சர்னு சொன்னதை நம்பி வெண்ணெயை வெளிய எடுத்து வச்ச ஊரு இது.