மிசஸ் கிரஹாமின் பாவாடை

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்த மிசஸ் கிரஹாம் படத்தை யார் பகிர்ந்தாலும் கூடவே அந்தச் சோகக் கதையும் வந்துவிடும். மேரி கிரஹாம் 1792-ல், 35 வயதில், காசநோயில் போய்விட்டார். உடலை ஊருக்குக் கொண்டுவரும் வழியில், பிரான்சில் துலூஸ் ஊர்ப் பக்கம் பிரெஞ்சுப் புரட்சிக் காவலர்கள் கடத்தல் பொருள் தேடுகிறேன் என்று சவப்பெட்டியையே உடைத்துத் திறந்தார்கள். அதுவரை பட்டாளத்துப் பக்கமே போகாத கணவர் தாமஸ் கிரஹாம், அந்தக் கோபத்தில் படையில் சேர்ந்து ஜெனரல் வரைக்கும் போனார். மனைவியின் படத்தைப் பார்க்கத் தாங்காமல் கட்டி எங்கோ போட்டுவிட்டார். 1843-ல் அவர் இறந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

நானும் இதைச் சொல்லி இரண்டு பேரை அழவைத்தவன்தான். ஆனால் அந்த முகத்தில் 'வரப்போகிற சாவின் நிழல்' தெரிகிறது என்று எழுதுவதெல்லாம் கொஞ்சம் ஓவர். 1777-ல் லண்டன் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சியில் படம் மாட்டப்பட்டபோது அந்தப் பெண்ணுக்கு வயது 20. கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. எனக்குத் தெரிவது, எவ்வளவு நேரம்தான் இப்படியே நிற்பது என்கிற சலிப்பு. சோகம் நாம் கொண்டுபோய் வைத்தது.

உண்மையில் பார்க்க வேண்டியது உடையை. வெள்ளிச் சாம்பல் நிறப் பட்டுத்துணியை முத்துச்சரங்கள் தூக்கிப் பிடிக்க, அடியில் செக்கச்செவேல் என்று பாவாடை. அதே காலத்து ஓவியர் ரெனால்ட்ஸ் போன்றவர்கள் முகத்தை முடித்துவிட்டுத் துணிமணியை உதவியாளர்களிடம் தள்ளிவிடுவார்கள். கெயின்ஸ்பரோ அப்படி விடுகிற ஆள் இல்லை. நேற்று ராத்திரி மொபைலில் பெரிதாக்கிப் பார்த்தேன். கிட்டத்தில் பட்டும் இல்லை, மடிப்பும் இல்லை. கோழி கிளறிய மண் மாதிரி வெறும் கீறல்கள். ரெனால்ட்ஸுக்கும் அவருக்கும் ஆகாது. ஆனாலும் 1788-ல் கெயின்ஸ்பரோ இறந்தபின் அகாடமியில் பேசும்போது, அந்தக் கீறல்களெல்லாம் குறிப்பிட்ட தூரத்தில் ஏதோ மாயம்போல உருவமாகச் சேர்ந்துவிடுகின்றன என்று ஒப்புக்கொண்டார்.

பணக்காரர்களின் பகட்டுதானே என்று கேட்பீர்கள். சரி, பகட்டுதான். காசு கொடுத்தவர்களுக்காகத்தான் வரைந்தார். அந்தக் கீறல்களை யாரும் காசு கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்காட்லாந்தை விட்டு வெளியே போகக் கூடாது என்கிற நிபந்தனையோடு 1859-ல் கொடுக்கப்பட்ட படம் இது. பார்க்க வேண்டுமானால் எடின்பரோ தேசிய ஓவியக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். விசா, டிக்கெட் எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். மொபைலில் எவ்வளவு வேண்டுமானாலும் கிட்டே போக முடிகிறது. பத்தடி பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பார்க்கத்தான் வழியில்லை.